உப்பு ஏறிய மலை

சித்தி மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். போன மாசியில் சிசிலித் தீவின் மேற்குக் கரையில் டிராபனி என்ற துறைமுகத்தில் இறங்கியவன், வாட்ஸ்அப்பில் பத்துப் பன்னிரண்டு படங்கள் அனுப்பினான். மத்தியதரைக் கடலின் நீலம், காற்றாலை, பாத்தி பாத்தியாக உப்பளம். பின்னால் 750 மீட்டர் உயரத்தில் ஒரு மலை. அதன் உச்சியில் எரிச்சே என்று ஒரு கல் ஊர். அந்தப் படங்களைப் பெரியப்பாவிடம் காட்டியதுதான் நான் செய்த தப்பு, அல்லது புண்ணியம்.

பெரியப்பா மரக்காணம் அளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். மலையையோ கோட்டையையோ அவர் பார்க்கவில்லை. உப்புக் குவியல் இருந்த படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார்.

"ஓடு போட்டு மூடி வெச்சிருக்கான் பாரேன்!"

உண்மைதான். டிராபனியில் உப்பைக் கூரைபோல நீளமாகக் குவித்து, மேலே நாட்டு ஓடு அடுக்கிவிடுகிறார்கள். நம் பக்கம் ஓலை, இப்போது தார்ப்பாய். மழை எங்கேயும் மழைதான். பெரியப்பா அந்தப் படத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் விரல் மேலே மலைக்கு ஏறியது.

"அங்கியும் ஜனம் இருக்குதா?"

இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பேர்தான் என்றேன். எரிச்சே பழைய ஊர். காதல் தேவதைக்கு அந்த உச்சியில் கோயில் இருந்தது. அங்கே எரிந்த தீ கடலோடிகளுக்குக் கலங்கரை விளக்கம். பிற்பாடு வந்த நார்மன்கள் அதே பாறையில் கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு ஜனமெல்லாம் மலையடிவாரத்தில்தான் குடியிருக்கிறது. மேலே போவதற்குக் கம்பிவடத்தில் தொங்கும் பெட்டி. போகிறவர்களில் பலர் சுற்றுலாக்காரர்கள்.

பெரியப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். "கீழ உப்பு, மேல ஊரு. அந்த உப்பை மேல யாருப்பா தூக்கிக்கினு போயிருப்பான்?"

கோட்டைகளைப் பற்றி எத்தனையோ வாசித்திருக்கிறேன். யார் ஆண்டான், யார் பிடித்தான், எத்தனை பீரங்கி, எந்த ராணி தீப்பாய்ந்தாள். உப்பை யார் தூக்கினான் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. "நம்ம பக்கத்துலயே மலைமேல் ஊரு இருக்கு பெரியப்பா. ஞாயித்துக்கெழமை போலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

கிளியனூரில் மலை கிடையாது. திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலையில், திண்டிவனத்திலிருந்து 18 கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர். பேருந்து நிற்கும், நாலு பேர் இறங்குவார்கள், பேருந்து போய்விடும். அகத்தீசுவரர் கோயில் மட்டும் இல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு இங்கே இறங்கக் காரணமே இருக்காது. அதுவும் பாடல் பெற்ற தலங்களின் கணக்கில் 276-ஆவதாக, கடைசியில் வந்து சேர்ந்த தலம். 'கிளியன்னவூர்' என்ற சம்பந்தர் பதிகம் வெகுகாலம் கழித்துத்தான் கிடைத்தது. பந்தியில் கடைசி இலை கிடைத்தவர்கள் நாங்கள் என்று பெரியப்பா சொல்வார். கிழக்கே போனால் கழுவெளிச் சதுப்பு, அதைத் தாண்டினால் அளம், அதற்கப்புறம் கடல். எல்லாம் தட்டை. இந்தத் தட்டையில் பிறந்தவனுக்கு ஒரு பாறை தெரிந்தாலே மலை.

அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பெரியப்பா மடியில் ஒரு துணிப்பை. அதில் தயிர்சோறு, நாலு கொய்யா, செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம் கல்லுப்பு. கடை உப்பு அவர் தொடமாட்டார்.

முதலில் பெருமுக்கல்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் சுமார் பத்து கிலோமீட்டர் வந்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ என்று தேட வேண்டாம். சுற்றிலும் வயல், நடுவில் மண்ணைக் கிழித்துக்கொண்டு எழுந்த மாதிரி ஒரு பாறைக்குன்று. மரக்காணத்துக்கு ஆயிரம் முறை இந்த வழியாகப் பேருந்தில் போயிருக்கிறோம். இருவரும் ஒருமுறைகூட ஏறியதில்லை. பக்கத்தில் இருப்பதன் சாபம் அது.

உச்சியில் முத்தியாலீசுவரர் கோயில். சோழர் காலக் கல்வெட்டுகள் சுவரில் ஓடுகின்றன. கீழே குகைப் பாறையில் எழுத்து தோன்றுவதற்கு முந்தைய மனிதர்களின் கீறல்கள். ஊரார் அதைச் சீதை பேரில் அழைக்கிறார்கள். நம் நாட்டில் ஆதிமனிதன் எங்கே கிறுக்கினாலும் அது சீதையோ பாண்டவரோ இருந்த இடமாகிவிடும். தப்பில்லை. அந்தப் பெயர்தான் பல பாறைகளைக் கல்லுடைப்பவர்களிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது.

மேலே சிதைந்த மதில் தெரிகிறது. இந்தச் சின்னக் குன்றுக்கும் ஒரு சண்டைக் காலம் உண்டு. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றுப் புதுச்சேரியை நோக்கிப் பின்வாங்கியபோது, ஆங்கிலத் தளபதி அயர் கூட் துரத்திக்கொண்டு வந்தான். வழியில் நின்ற இந்தக் குன்றை மார்ச்சில் பிடித்தான். அவர்கள் எழுத்தில் இதன் பெயர் 'பெர்மாகாயில்'. அந்தச் சண்டையில் அயர் கூட்டுக்கு முழங்காலில் குண்டு பட்டது. 1782-ல் ஐதர் அலியும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து இதைத் திரும்பப் பிடித்தார்கள்.

"முட்டியிலயா?" என்றார் பெரியப்பா, தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு. படி ஏறி வந்த வலி. "குண்டு தேவையே இல்லியே. இந்தப் படியே போதுமே."

உச்சியில் காற்று இதமாக இருந்தது. கிழக்கே வெளுப்பாக ஒரு கோடு. கடல் என்றேன் நான். கழுவெளி என்றார் பெரியப்பா. மேகமாகவும் இருக்கலாம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் அவர் முப்பது வருஷம் காலையில் சைக்கிளில் போய்வந்த இடம். வெயில் காலத்தில் அளம் உச்சத்தில் இருக்கும். பாத்தியில் விட்ட தண்ணீர் வெயிலில் சுண்டிச் சுண்டி, அடர்த்தி மானியில் 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கும். மேலே மெல்லிய ஏடு படியும். பலகையால் இழுத்து வரப்பில் ஏற்றுவார்கள். கால் வெடித்து, அந்த வெடிப்பில் உப்பு இறங்கும். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லிக்கொண்டே அந்த வெளுப்பைப் பார்த்தார். மலைமேல் நின்றுகொண்டு தன் வேலைத்தலத்தை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இங்க நின்னவனுக்கு அளம் தெரிஞ்சிருக்கும். அளத்துல நின்ன எனக்கு இந்தக் குன்னு தெரிஞ்சதே இல்ல. குனிஞ்சே இருந்தேன்."

பதினைந்து நிமிஷம் அங்கே உட்கார்ந்தோம். அப்புறம் இறங்கி, திண்டிவனம் வழியே மேற்கே திரும்பினோம்.

திண்டிவனத்தில் நிற்கவில்லை, ஆனால் ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. இந்த நகரின் ஒரு பகுதிக்குக் கிடங்கல் என்று பெயர். சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்களில் இதுவும் ஒன்று, எயிற்பட்டினம் இன்னொன்று. அந்த எயிற்பட்டினம்தான் நம் மரக்காணம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. கடற்கரை ஊரும் உள்நாட்டு ஊரும் ஒரே தலைவன் கையில் இருந்ததென்றால், நடுவில் வண்டித்தடம் இருந்திருக்கும். வண்டியில் உப்பு இருந்திருக்கும். இது என் ஊகம். ஆனால் அதே நூலில், கொற்கைப் பக்கம், உமணர்களின் உப்பு வண்டி வரிசையோடு ஒரு மந்தி வருகிறது. உமணர் வீட்டுக் குழந்தைகளோடு விளையாடுகிறது. அந்தக் குரங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிஸ்பனுக்கு அடுத்த ஊர்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர். புளியமரங்கள் முடியும் இடத்தில் மலைகள் தொடங்குகின்றன. மலை என்று சொல்வதைவிட, யாரோ கூடை கூடையாகப் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. "குவியல் போட்டு வெச்சிருக்கான், மூட மறந்துட்டான்" என்றார் பெரியப்பா. ஒரு யோசனை: அமாவாசையன்று இந்தப் பக்கம் வராதீர்கள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகும் கூட்டத்தில் செஞ்சி திணறும்.

மூன்று மலைகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டருக்கு மதில். உள்ளே ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர். ராஜகிரியின் உயரம் தரையிலிருந்து 240 மீட்டர். எரிச்சேயின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் எரிச்சேயில் சாலை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. இங்கே நெஞ்சுக்கு நேராகப் படி.

கோனார் மரபில் ஆனந்தக் கோன் இங்கே முதல் கோட்டை போட்டதாகச் செவிவழி வரலாறு. அதற்கப்புறம் விஜயநகரத்தின் நாயக்கர்கள், 1649-ல் பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். வந்தவனெல்லாம் பெயரை மாற்றினான். பீஜப்பூர்க்காரனுக்குப் பாத்ஷாபாத், முகலாயனுக்கு நஸ்ரத்கட். ஊர்க்காரன் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் நின்றது அதுதான்.

2025 ஜூலை 11-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி சேர்ந்தது, 'மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பின் கீழே. மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். பெருமைதான். இருந்தாலும் கையில் பேனா இருக்கும்போது ஒரு கணக்கு போடத் தோன்றுகிறது. மராத்தியர் இங்கே இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 வருஷம். கோனாரும் நாயக்கரும் இருந்த காலம் அதைவிடப் பல மடங்கு. சொந்த வீட்டுக்குள் வாடகைதாரர் பெயரில் நுழைகிற மாதிரி இருக்கிறது. சிவாஜி இந்தக் கோட்டையைப் புதுப்பித்து வலுவாக்கினார் என்பதும் நிஜம். அதை யாரும் மறுக்கவில்லை.

இது வெறும் காவல் கோட்டை அல்ல, ஊர். அதற்கு ஒரு வெளியூர்ச் சாட்சி உண்டு. 1597-ல் சேசு சபைப் பாதிரியார் பிமெண்டா கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்க்க இங்கே வந்தார். தான் இந்தியாவில் பார்த்த மிகப் பெரிய ஊர் இதுதான் என்று எழுதி வைத்தார். போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இதைவிடப் பெரிய ஊர் கிடையாது என்பது அவர் கணக்கு. இன்றைக்கு மதிலுக்குள் புல்லும் புளியமரமும் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு இதை நினைத்துப் பார்த்தால் தலை சுற்றும். தெரு எங்கே, சந்தை எங்கே, வண்ணான்துறை எங்கே? கல்லில் கட்டியது நின்றது. மண்ணில் கட்டியவன் வீடு மண்ணாகவே போய்விட்டது.

சீட்டு வாங்கி உள்ளே போனதும் கல்யாண மகால். சதுரக் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக ஏறுகிறது. நடுவில் அறை, சுற்றிலும் தாழ்வாரம். வெளியே இருந்த குளத்திலிருந்து மண்குழாய் வழியாக மாடிக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். எல்லோரும் இங்கேதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியப்பா அதைத் தலையாட்டி ஒப்புக்கொண்டுவிட்டு நேரே பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார். நெற்களஞ்சியம்.

அங்கே அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஏய்!" என்று ஒரு குரல். அந்தக் குரல் கூடத்தின் அடிவரை போய் உருண்டு திரும்பி வந்தது. மேலே வளைந்த கூரை. வெளிப்பக்கம் படிக்கட்டு நேரே கூரைமேல் போகிறது. கூரையில் திறப்பு. மூட்டையைச் சுமந்துகொண்டு படியேறி, மேலிருந்து கொட்டிவிட வேண்டியதுதான். பெரியப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார். தரையைக் குனிந்து முகர்ந்தார். ஈரம் இல்லை என்றார். பிறகு கட்டடத்தின் நீளத்தை அடி வைத்து அளக்க ஆரம்பித்தார். பழைய கணக்கர்.

"நெல்லு சரி. உப்பு எங்க வெச்சான்?"

தெரியவில்லை என்றேன். பலகை எதிலும் எழுதியிருக்கவில்லை.

"எளுத மாட்டானுங்கோ. உப்பு இருக்கிற வரைக்கும் எவனுக்கும் தெரியாது. இல்லன்னாத்தான் தெரியும்." பிறகு விரலை மடக்கினார். "ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து கிராம் வெச்சுக்கோ. ஆயிரம் பேருன்னா பத்து கிலோ. வருஷத்துக்கு மூவாயிரத்தி அறநூத்தி அம்பது. அம்பது கிலோ மூட்டைன்னா எழுபத்தி மூணு மூட்டை. இதுல குதிரை, மாடு, ஊறுகா, கருவாடு, தோலு பதம் பண்றது ஒண்ணும் சேர்க்கல." கொஞ்சம் நிறுத்தி, "எத்தினி வருஷம் முத்துகைன்னு சொன்ன?" என்றார்.

எட்டு வருஷம். சிவாஜியின் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி வந்து, செஞ்சியையே மராத்தியத் தலைநகராக்கிக்கொண்டு இங்கே இருந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் வந்து முற்றுகையிட்டான். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் வேலூர்ப் பக்கம் நழுவிவிட்டார்.

எனக்கு நினைவுக்கு வந்தது முற்றுகையின் நடுவில் நடந்த ஒன்று. 1692 முடியும் நேரம். மழைக்காலம். சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராத்தியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து, முகலாயப் பாசறைக்குத் தானியம் வரும் வழிகளை அறுத்துவிட்டார்கள். கோட்டைக்குள் இருந்தவனைப் பட்டினி போட வந்தவன், வெளியே பட்டினி கிடந்தான். சுல்பிகர் கான் சமாதானம் பேசி, முற்றுகையைத் தளர்த்தி வந்தவாசிக்குப் பின்வாங்கினான். பாதுஷாவின் பீரங்கிகள் எல்லாம் இருந்தன. சோறு இல்லை.

பெரியப்பா கேட்டுவிட்டு, "அதான் சொன்னேன்" என்றார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மலைமேல் இருந்தவன் கீழே பார்த்துக்கொண்டே இருந்தது எதிரி வருகிறானா என்று மட்டும் அல்ல. வண்டி வருகிறதா என்றும்தான். கோட்டை உயரத்தில் இருந்தது, அதன் வயிறு சமவெளியில் இருந்தது.

பெரியப்பாவின் முட்டி ராஜகிரிக்கு ஒத்துவராது. மதியத்துக்கு மேல் காவலர்கள் ஏறவிட யோசிப்பார்கள் என்பதால் அவரைக் களஞ்சிய நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ஏறினேன்.

பாதி வழியில் கமலக்கண்ணியம்மன். இந்த மலைக்கே ஒரு காலத்தில் கமலகிரி என்று பெயர். அதற்குமேல் படிகள் செங்குத்து. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வாசல். வாசலுக்குப் பின்னால் இன்னொரு திருப்பம். உச்சிக்குச் சற்று முன்னே மலை தானே பிளந்து நிற்கிறது. 24 அடி அகலம், 60 அடி ஆழம். இப்போது பாலம் இருக்கிறது. அப்போது எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் போதும், ஒரு படையே இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தேன். உச்சந்தலை கூசியது. முதுகில் அரிசி மூட்டையோடு இதைத் தாண்டியவனின் கால் எப்படி இருந்திருக்கும்?

மேலே அரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, கருவூலம், ஒரு பீரங்கி, இன்னொரு களஞ்சியம். பாறைச் சுனையில் தண்ணீர். காற்று ஆளைத் தள்ளுகிறது. இவ்வளவு உயரத்திலும் ஒரு களஞ்சியம் என்றால், அந்த நெல்லின் ஒவ்வொரு மணியும் ஒருவன் தோளில்தான் வந்திருக்கும். 1750 செப்டம்பர் இரவில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி இந்தக் கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்தான். எட்டு வருஷம் முகலாயனுக்கு அகப்படாதது. அவன் பகலில் வந்து மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, இதை எப்படிப் பிடித்தோம் என்று ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பிடித்தவர்களை இந்த மலை வேறு விதமாகப் பழிவாங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த பத்து வருஷத்தில் அவர்களின் 1,200 சிப்பாய்கள் காய்ச்சலில் இங்கே மாண்டார்கள் என்று ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகள் சொல்கின்றன. கொசுவுக்குக் கொடி எதுவென்று தெரியாது.

தேசிங்கு ராஜனைப் பற்றிச் சொல்லாமல் செஞ்சிக் கட்டுரையை முடித்தால் இந்த இதழை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன். தேஜ் சிங் என்ற பந்தேலா ராஜபுத்திரன். பத்தே மாதம் ஆட்சி. 1714-ல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு மோதிச் செத்தபோது வயது 22 என்பார்கள். குதிரை பாராசாரி, தோழன் முகமதியனான மகபத்கான், உடன்கட்டை ஏறிய இளம் மனைவி. அவள் நினைவில் நவாபு வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை. தெருக்கூத்தும் கதைப்பாடலும் சினிமாவும் அவனைச் சாகவே விடவில்லை. பக்கத்துச் சிங்கவரத்தில், குன்றின்மேல் பல்லவர் குடைந்த குகையில் படுத்திருக்கும் அரங்கநாதர் முகத்தைத் திருப்பியே வைத்திருக்கிறார். போருக்குப் போகாதே என்று சொல்லியும் தேசிங்கு கேட்காததால் திருப்பிக்கொண்டார் என்பது கதை. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது பெருமாளின் கோபம்தான். வீட்டுப் பெரியவர்கள் செய்வது அது.

இறங்கி வந்தபோது பெரியப்பா தனியாக இல்லை. எதிரே ஒரு குரங்கு. தயிர்சோறு ஏற்கெனவே போய்விட்டது. கொய்யா மூன்று போய்விட்டது. இப்போது அது கையில் வைத்திருந்தது உப்புப் பொட்டலம். செய்தித்தாளைப் பல்லால் கிழித்தது. கல்லுப்பு ஒன்றை எடுத்தது. வாயில் போட்டது. ஒரு கணம் அசையாமல் இருந்தது. முகத்தைச் சுளித்து, நாக்கை வெளியே நீட்டி, பொட்டலத்தைத் தரையில் போட்டுவிட்டுக் களஞ்சியக் கூரைமேல் ஏறிப் போய்விட்டது.

"மரக்காணத்து உப்பு" என்றார் பெரியப்பா, ஏதோ அவருடைய பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி. கீழே சிந்தியதைக் குனிந்து பொறுக்கினார். உமணர் வண்டியில் வந்த மந்தி இதை விடப் பழகிய மந்தியாக இருந்திருக்கும்.

மிச்சமிருந்த ஒரே கொய்யாவை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம், பொறுக்கிய உப்போடு.

கிருஷ்ணகிரிக்கு நான் ஏறவில்லை. மேலே எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று இருப்பதாகப் படித்ததைச் சொன்னேன். பெரியப்பாவுக்கு அது மூன்று மலைகளையும்விட முக்கியமாகப் பட்டது. "எண்ணெய்க்குக் கெணறு, நெய்க்குக் கெணறு. அப்ப உப்புக்கும் ஒண்ணு இருந்திருக்கும்பா. போய்ப் பாத்துட்டு வாயேன்." வெயில் உச்சியில் இருந்தது. அடுத்த முறை என்றேன். அவர் நம்பவில்லை.

செஞ்சிக் கடைத்தெருவில் சாப்பாடு. ஊருக்குள் நெல் வியாபாரம் இன்றைக்கும் பெரிது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் சுற்று ஊர்களிலிருந்து மூட்டைகள் வந்து குவியும். ராஜா போய்விட்டான், களஞ்சியம் காலி, ஆனாலும் நெல் செஞ்சிக்கு வருவதை நிறுத்தவில்லை. மலை ஏறவேண்டிய அவசியம் மட்டும் அதற்கு இல்லை.

ஊர் இறங்கிவிட்டது. எரிச்சேயில் நடந்ததும் இதுதான், பெருமுக்கல்லில் நடந்ததும் இதுதான். பயம் இருக்கும் வரை ஜனம் மேலே இருந்தது. பயம் தீர்ந்ததும் கிணறும் வயலும் சந்தையும் இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே பெட்டியில் தொங்கிக்கொண்டும், இங்கே மூச்சு வாங்கிக்கொண்டும் நாம் திரும்ப ஏறுகிறோம், ஒரு மணி நேரத்துக்கு.

புதுச்சேரி வாசல்

திரும்பும்போது பெரியப்பா வேங்கடரமணர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார். கீழ்க்கோட்டையில், கிழக்கு வாசல் பக்கம் இருக்கிறது. நாயக்கர் காலத்துப் பெரிய கோயில். மண்டபங்களில் தூண்கள் இருக்க வேண்டிய இடங்கள் சிலது வெறிச்சென்று கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த வழியாக என்று ஆராய வேண்டாம். பக்கத்திலிருக்கும் வாசலுக்குப் பெயரே புதுச்சேரி வாசல்.

"எங்க இருக்குது இப்போ?"

"கடற்கரையில, காந்தி சிலையைச் சுத்தி."

"அப்ப அதையும் பாத்துடலாமே."

கிளியனூரைத் தாண்டி இருபது கிலோமீட்டர் கூடுதல். ஊரைக் கடக்கும்போது வீட்டு விளக்கு எரிந்தது தெரிந்தது, நிற்கவில்லை. புதுச்சேரிக் கடற்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சாலையில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள், ஜனம் நடந்துகொண்டிருந்தது. சுண்டல், மாங்காய், பலூன். காந்தி கைத்தடியோடு நடக்கிறார். சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள், ஒற்றைக் கல்லில் செதுக்கியவை, மேலே ஒன்றையும் தாங்காமல். கீழே பீடத்தின் சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள்.

பெரியப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு பீடத்தில் ஏறினார். ஒரு தூணின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். சிற்பங்களைத் தொடவில்லை. அடிப்பகுதியில் கடல் பார்த்த பக்கமாக, உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவினார். காலையில் களஞ்சியச் சுவரைத் தட்டிப் பார்த்த அதே கை. பிறகு சுட்டுவிரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

நான் சிரித்துவிட்டேன். "என்ன பெரியப்பா?"

"ஏறியிருக்குது" என்றார். சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு, இறங்கக் கை கொடுக்கச் சொன்னார்.